ஆப்பிள் வாங்கப் போய் கொய்யாவோடு வந்த கதை

சித்தப்பாவுக்குக் காய்ச்சல். வெறுங்கையோடு போய்ப் பார்க்க முடியுமா? ஆப்பிள் வாங்கலாம் என்று பழக்கடைக்குப் போனேன். ஒவ்வொன்றுக்கும் நுரைவலைச் சட்டை, நெற்றியில் ஸ்டிக்கர், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. விலையைக் கேட்டதும் எனக்கே லேசாகக் காய்ச்சல் அடித்தது.

வாசலில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் கொய்யா குவித்து வைத்திருந்தார். பழனிப் பக்கத்து ஆயக்குடிக் காயாம். ஒன்றை நாலாகக் கீறி, நடுவில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தார். அங்கேயே முடிவு மாறிவிட்டது.

கணக்கு பார்த்தாலும் கொய்யாதான். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி சுமார் 228 மி.கி. ஆப்பிளில் 5 மி.கி. கூடத் தேறாது. ஆரஞ்சிலேயே ஐம்பது சொச்சம்தான்! நார்ச்சத்து கொய்யாவில் 5 கிராமுக்கு மேல், ஆப்பிளில் அதில் பாதிகூட இல்லை. பொட்டாசியம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. சர்க்கரையும் ஆப்பிளைவிடக் கொஞ்சம் குறைவு. கலோரி குறைவு என்பதில் மட்டும் ஆப்பிள் ஜெயிக்கும், ஆப்பிளில் 52, கொய்யாவில் 68. சரி, அதையாவது விட்டுக்கொடுப்போம்.

இன்னொன்று, சாப்பாட்டோடு நாலு துண்டு கொய்யா சேர்த்தால், கீரை பருப்பில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். வைட்டமின் சி செய்கிற வேலை அது.

ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனேன். சித்தி பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஆப்பிள் கிடைக்கலையாப்பா?" என்றார்.

சித்தப்பா அதற்குள் ஒன்றைக் கடித்துவிட்டு, பல்லிடுக்கில் மாட்டிய விதையை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார்.