மாமா கேட்ட கேள்வி

தூக்கம் வராத ராத்திரிகளில் விமான விபத்து அறிக்கைகளைப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. மேலூர்ப் பக்கம் மாமா வீட்டுத் திண்ணையிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கிளைடர் என்கிற இன்ஜின் இல்லாத விமானம் வயலில் இறங்கப் போய் ஓட்டியவர் இறந்துபோன வகை.

"இன்ஜினே இல்லாம எப்படிறா பறக்கும்?"

அழகர்மலைப் பக்கம் மத்தியான வெயிலில் பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமடித்து மேலே போகுமே, அதே சூட்டுக் காற்றுதான் என்றேன். அது கிடைக்காவிட்டால் இறங்கித்தான் ஆக வேண்டும். நல்ல கிளைடர் 1000 மீட்டர் உயரத்திலிருந்து 40 கிலோமீட்டர் வரைகூடப் போகும், அதனால் வயல் தேட நேரம் இருக்கும், ஆனால் இன்னும் கொஞ்சம் காற்று கிடைத்துவிடும் என்ற நப்பாசையில் தாழ்ந்துகொண்டே வந்து, கடைசி நேரத்தில் அவசரமாகச் சாய்த்துத் திருப்புகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வினை. 45 டிகிரி சாய்ந்தால் விழாமல் பறக்கத் தேவையான வேகம் கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடிவிடும். அந்த வேகம் இல்லையென்றால் ஒரு பக்க இறக்கை பிடியை விட்டுவிடும், சுழன்று மூக்குக் குத்தி விழும். சுதாரிக்க உயரமும் மிச்சமிருக்காது.

விசாரிக்க வருகிறவர் முதலில் மண்ணைப் பார்ப்பார். நீளமாக உரசிய தடம் இருந்தால் தரையில் இறங்கி ஓடியிருக்கிறது. தடமே இல்லாமல் ஒரே இடத்தில் நொறுங்கிக் கிடந்தால் செங்குத்தாக விழுந்திருக்கலாம். அப்புறம், இறக்கையைக் கழற்றி மாட்டுகிற வண்டி என்பதால், உள்ளே இருக்கும் இணைப்புகள் சரியாகப் பூட்டியிருந்தனவா என்பது. சில நொடிக்கு ஒருமுறை இடத்தையும் உயரத்தையும் குறித்துவைக்கும் கருவி தப்பியிருந்தால் பாதி வேலை முடிந்தது. (நம்ம ஊராக இருந்தால் அதற்குள் ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்திருப்போம்.)

"சரி மாப்ள, யார் தப்பு?"

அது அறிக்கையில் இருக்காது. பழி சுமத்துவதற்கல்ல, அடுத்த விபத்தைத் தடுக்கத்தான் விசாரணை என்று சர்வதேச விதியே இருக்கிறது, விமானப் போக்குவரத்துக்காக நாடுகள் செய்துகொண்ட சிகாகோ உடன்படிக்கையின் 13ஆவது இணைப்பு. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "அப்ப செத்தவன் வீட்டுக்கு யார்றா பதில் சொல்றது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, நம்ம கொல்லையில் இறங்கலாமா என்று அவரே கேட்டார். அவரே எண்ணவும் ஆரம்பித்தார்: குறுக்கே வரப்பு, மூலையில் கிணறு, மோட்டாருக்குப் போகிற கரண்டுக் கம்பி. மேலிருந்து கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத்தான் தேடச் சொல்லிக் கொடுப்பார்கள் என்றேன். வளர்ந்த பயிரில் இறக்கை நுனி மாட்டினாலும் வண்டியைச் சுழற்றிவிடும்.

"அப்ப வடக்க இருக்கற துண்டுதான். ஆனா கடலை பறிக்கட்டும், அப்புறம் வரச் சொல்லு."