தக்கைக்கு ஏற்ற நரம்பு

தாமிரபரணியில் தக்கை போட்டு மீன் பிடிப்பவர்கள் முள்ளைப் பற்றியும் இரையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். தூண்டில் நரம்பைப் பற்றிக் கேட்டால், அறாத நரம்பாகப் பார்த்து வாங்கச் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வாங்கினேன். சேரன்மகாதேவிக்குக் கீழே, இடுப்பளவுத் தண்ணீர் மணல்மேல் தெளிந்து ஓடும் ஓர் இடத்தில், 0.40 மில்லிமீட்டர் நைலான் நரம்பில் மயிலிறகுத் தண்டால் செய்த தக்கையைக் கட்டி விடுவேன். அது பத்தடி தூரம் கூட ஓட்டத்தோடு நேராகப் போகாமல், ஒருக்களித்துக் கரையை நோக்கி இழுபட்டு வரும். மீன் இல்லை என்று நினைத்து இடம் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் என் சித்தப்பா பின்னால் நின்று சற்று நேரம் பார்த்துவிட்டு, "நரம்பத் தண்ணில படுக்கப் போடாதல, தக்கை உன் பேச்சக் கேக்காது" என்றார். அன்று அவர் சொன்னது என்னவென்று முழுதாக விளங்கிக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

குளத்தில் தக்கை ஓரிடத்தில் நிற்கிறது. ஆற்றில் அது பயணம் செய்கிறது. மேல்மட்டத்தில் நீர் விரைவாகவும், அடித்தரையை ஒட்டி மெதுவாகவும் ஓடுவதால், இரை இயல்பாக மிதந்து வருவதுபோல் மீனுக்குத் தோன்ற வேண்டுமானால் தக்கையைச் சற்றே தடுத்துத் தடுத்து விட வேண்டும். அப்படித் தடுப்பதற்குக் கம்பின் நுனிக்கும் தக்கைக்கும் இடையிலுள்ள நரம்பு நேராக இருக்க வேண்டும். தடித்த நரம்பு நீர்ப்பரப்பில் கிடந்தால், ஓட்டம் அதை வில்லாக வளைத்து முன்னே தள்ளிக்கொண்டு போகும். அந்த வில் தக்கையையும் இழுக்கும், தக்கையின் கீழே தொங்கும் இரையையும் இழுக்கும். மீன் கடித்தபின் நாம் சுண்டும்போதும் முதலில் அந்த வளைவு நிமிர்ந்த பிறகுதான் முள் அசையும். அதற்குள் கெண்டை இரையைத் துப்பிவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நரம்பின் தடிமன். ஓட்டமும் காற்றும் பிடித்து இழுக்கும் பரப்பு தடிமனுக்கு ஏற்பக் கூடுகிறது. வலிமையோ குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதால் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 0.20 நரம்பிலிருந்து 0.30 நரம்புக்குப் போனால் வலிமை ஏறக்குறைய இரண்டேகால் மடங்காகிறது. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் தடித்த நரம்பின் பக்கம் சாய்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வலிமை நமக்குத் தேவைப்படுவதே இல்லை. 0.20 மில்லிமீட்டர் நைலான் சுமார் மூன்று கிலோ இழுப்பைத் தாங்கும். நீருக்குள் மீனின் எடை அநேகமாக இல்லாமற்போகிறது. நாம் தாங்க வேண்டியது அதன் பாய்ச்சலையும் ஓட்டத்தின் தள்ளலையும் மட்டுமே. அதிலும் பெரும்பகுதியை வளையும் கம்பும், அளவாகத் தளர்த்தி வைத்த ரீலும் ஏற்றுக்கொள்ளும். ஒன்றரைக் கிலோ கெண்டைக்கு இது போதும். வாளை போன்ற பெருமீனை நாடிச் செல்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் தக்கையும் பெரிது, நரம்பும் வேறு.

சுருளின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். மெல்லியதாகவும் மிக வலிமையானதாகவும் விளம்பரப்படுத்தப்பட்ட, 0.20 என்று குறித்த ஒரு சுருளை வாங்கினேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் எல்லோரும் கையாண்ட அதே திருகு அளவியால் அளந்தபோது 0.24 காட்டியது. அந்த 0.04 வேறுபாட்டால் மட்டுமே குறுக்குவெட்டுப் பரப்பு 44 விழுக்காடு கூடிவிடுகிறது. அதன் வலிமையின் ரகசியம் அவ்வளவுதான். திருகு அளவி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

அடுத்தது நரம்பு எதனால் ஆனது என்பது. ஒற்றையிழை நைலானின் அடர்த்தி 1.14, நீரைவிடச் சற்றே கனமானது என்றாலும், மெல்லிய நரம்பை நீரின் பரப்பு இழுவிசை தாங்கிக்கொள்வதால் பெரும்பாலும் மேலேயே கிடக்கும், வேண்டும்போது கம்பைத் தூக்கி எடுத்து ஓட்டம் வரும் பக்கமாகத் திருப்பிப் போடலாம். ஃபுளோரோகார்பன் என்னும் வேறொரு செயற்கை இழையின் அடர்த்தி 1.78, அது மூழ்கித் தக்கையைக் கீழே இழுக்கும். ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.42 என்பது நீரின் 1.33க்கு நைலானைவிட நெருங்கி வருவதால் தண்ணீரில் குறைவாகவே தெரியும். எனவே அதை முள் கட்டும் கடைசி ஓரடிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். பின்னல் நரம்பு மிதக்கும், மிக மெல்லியதாகவும் கிடைக்கும். இருந்தும் எனக்கு அது ஒத்துவரவில்லை. துளியும் நீளாததால் சிறு முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுகிறது, துவண்டு கிடப்பதால் தக்கையின் தலையில் ஓயாமல் சுற்றிக்கொள்கிறது.

ஆடிக் காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக அந்தக் காற்று இறங்கும் மாதங்களில், மிதக்கும் நரம்பு என்னும் மேற்சொன்ன நன்மையே கேடாகிவிடும். ஆறு ஒரு பக்கம் இழுக்க, காற்று மறுபக்கம் வில் வளைக்கும். அப்போது தக்கையின் அடிமுனையில் மட்டும் நரம்பைக் கோத்து, தக்கையை வேண்டிய இடத்தைத் தாண்டி வீசியபின் கம்பின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி இரண்டு சுற்றுச் சுற்றினால் நரம்பு பரப்புக்குக் கீழே போய்விடும். அப்படியும் மூழ்காத புது நரம்பைச் சோப்புக் கரைசல் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து வைத்தால் மூழ்கும். ஓட்டம் மெதுவான இடத்தில்தான் இந்த முறை பலிக்கும். வேகமான துறையில் அந்நாட்களில் நான் தக்கை போடுவதே இல்லை.

ஐப்பசி மழையில் ஆறு கலங்கி ஓடும்போது 0.25க்குத் தயங்காமல் மாறலாம். கலங்கலில் மீன் நரம்பைப் பார்ப்பதில்லை, அடித்துவரும் குப்பையும் செடியும் மெல்லிய நரம்பை அறுத்துவிடும்.

எந்தப் பருவமானாலும் முள் கட்டும் நரம்பு, தாய் நரம்பைவிட வலிமை குறைந்ததாகவே இருக்க வேண்டும். 0.20க்குக் கீழே 0.16 கட்டுகிறேன். முள் பாறையில் மாட்டிக்கொண்டால் அந்த ஓரடி மட்டும் அறுந்து, தக்கையும் மேல் நரம்பும் கைக்குத் திரும்பும். இது காசு மிச்சம் என்பதற்காக மட்டுமல்ல. தக்கையோடு இருபது முழம் நைலான் ஆற்றில் போய்விட்டால், அது மட்காமல் நெடுங்காலம் கிடந்து கொக்கின் காலிலும் நீர்நாயின் கழுத்திலும் சிக்கும். முக்குளிப்பான் ஒன்று அப்படிச் சிக்கி நாணலில் தொங்கியதைக் கண்டிருக்கிறேன்.

நைலான் நீரில் ஊறினால் அதன் வலிமையில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ குறையும். வெயில் அதைவிட மோசமாகக் கெடுக்கும். முடிச்சை எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்காவிட்டால், உராய்வுச் சூட்டிலேயே அந்த இடம் நைந்துபோகும். ஈயத்தை நசுக்கிப் பொருத்திய இடங்களையும் ஒவ்வொரு முறையும் நகத்தால் தடவிப் பார்க்கிறேன். சொரசொரப்புத் தட்டினால் அந்தக் கடைசி இரண்டு முழத்தை வெட்டி, பையில் இதற்கென்றே வைத்திருக்கும் மூடி போட்ட டப்பாவில் போட்டுக்கொண்டு, மறுபடியும் கட்டத் தொடங்குகிறேன்.