மர்ரேயின் பல்சக்கர எஞ்சின்: 1:12 மாடல் வேலைக் குறிப்பு

மேத்யூ மர்ரே 1812-ல் லீட்ஸ் நகரில் கட்டிய ‘சலமாங்கா’, வியாபாரத்தில் நின்று பிடித்த முதல் நீராவி ரயில் எஞ்சின். மிடில்டன் சுரங்கத்து நிலக்கரியை லீட்ஸுக்கு இழுத்தது. மாடலுக்கு இதைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்குக் காரணம் இருக்கிறது. சுரங்க மேலாளர் ஜான் பிளென்கின்சாப் 1811-ல் வாங்கிய காப்புரிமைப்படி, வார்ப்பிரும்புத் தண்டவாளம் ஒவ்வொன்றும் 3 அடி நீளம், அதன் வெளிப்பக்கத்தில் 6 பற்கள். பல்லுக்குப் பல் 6 அங்குலம். பன்னிரண்டில் ஒன்றாகச் சுருக்கினால் 12.7 மி.மீ. கடையில் கிடைக்கும் ரேக்கின் (பல் வெட்டிய நேர்ப்பட்டை) பல் அளவை மாட்யூல் என்ற எண்ணால் சொல்வார்கள்; மாட்யூலை 3.14-ஆல் பெருக்கினால் பல் இடைவெளி. மாட்யூல் 4 ரேக்கின் பல் இடைவெளி 12.57 மி.மீ. எஞ்சினின் பல்சக்கரத்துக்கு 20 பல், 3 அடி 2 அங்குல விட்டம். மாட்யூல் 4-ல் 20 பல் வெட்டினால் பிட்ச் விட்டம் (பற்கள் கோத்துக்கொள்ளும் வட்டத்தின் விட்டம்) 80 மி.மீ.; சுருக்கிய அளவு 80.4. அசல் அளவும் கடைச் சரக்கும் இப்படி ஒத்துப்போவது மாடல் வேலையில் அபூர்வம். 1:16-க்குப் போனாலும் மாட்யூல் 3 கடைச் சரக்கு இதேபோல் பொருந்தும். அசலில் பற்கள் அரைவட்டக் குமிழாக இருந்தன. கடை ரேக்கில் அந்த உருவம் கிடைக்காது. தோற்றம்தான் முக்கியம் என்பவர்கள் 6 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) தகட்டில் லேசர் வெட்டு போடலாம், ஆனால் சத்தமும் அதிர்வும் கூடும்.

தண்டவாளம்

கேஜ் 4 அடி 1 அங்குலம், மாடலில் 103.7 மி.மீ. 20×6 பட்டைக் கம்பியை நிறுத்திவைத்தால் தண்டவாளம் ஆயிற்று. ரேக் இடப்பக்கம் மட்டும், தண்டவாளத்தின் வெளிமுகத்தை ஒட்டி. பல் நுனி தண்டவாளத் தலையோடு சமமாக இருக்க வேண்டும். அப்போது பிட்ச் கோடு தலைக்கு 4 மி.மீ. கீழே விழும், பல்சக்கர அச்சின் உயரம் 36 மி.மீ. அதை 36.3 என வைப்பது நல்லது. சரியாக 36 வைத்தால் ரேக்கில் ஒரு தூசி விழுந்தாலும் எஞ்சின் தூக்கிப் போடும்.

ரேக் இணைப்புதான் பலரும் கோட்டை விடும் இடம். வெட்டை இரு பல்லின் நடுப்பள்ளத்தில் போட வேண்டும். பல் மேல் போட்டால் அரைப் பல் உடையும். இரண்டு துண்டுகளையும் தளர்வாக வைத்து, மூன்றாவது ரேக் துண்டொன்றைக் கவிழ்த்து, பல் பல்லோடு கோத்து, இணைப்பின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கவும். அதன் பிறகுதான் ஸ்க்ரூ. வெட்டு முனைகள் ஒன்றையொன்று தொடாமல் 0.2 மி.மீ. விட்டு நின்றாலும் பரவாயில்லை, பல் இடைவெளி தப்பக் கூடாது. ஒரு மீட்டர் இரும்பு 20 பாகை சூட்டில் 0.23 மி.மீ. நீளும் என்பதால் அந்த இடைவெளி எப்படியும் தேவை.

சிலிண்டர், வால்வு

மர்ரேக்கு முன்பே நீராவி ரயில் எஞ்சின் கட்டிய ரிச்சர்ட் டிரெவிதிக்கின் எஞ்சினில் ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் ஓட்டத்தின் முனையில் நின்று கிராங்கைத் திருப்ப முடியாத செத்த புள்ளியைக் கடக்க ஃப்ளைவீல் வேண்டியிருந்தது. மர்ரே இரண்டு சிலிண்டர் வைத்து, கிராங்குகளை 90 பாகை தள்ளிப் போட்டார். ஃப்ளைவீல் போயிற்று. இரண்டும் செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக, பாய்லரின் முதுகில் பாதி புதைந்து நிற்கும்.

மாடலில் துளை 16 மி.மீ., ஓட்டம் 40 மி.மீ. சிலிண்டர் கன்மெட்டல், பிஸ்டன் பித்தளை. 12×2 ஓ-ரிங்குக்குப் பள்ளத்தின் அடி விட்டம் 12.3, அகலம் 2.6. பள்ளத்தை 1.6 ஆழத்தோடு நிறுத்தினால் ரிங் ஐந்தில் ஒரு பங்கு நசுங்கும். குறைந்த அழுத்தத்தில் பிஸ்டன் ஒட்டிக்கொண்டு நகராது. 1.85 ஆழம் போதும்.

வால்வு, மர்ரே பிரபலப்படுத்திய ‘டி’ வடிவ ஸ்லைடு வால்வு. அசலின் வால்வு அமைப்பைப் பின்பற்றவில்லை, ஓடுவதற்கு எளிது என்றுதான் இது. நீராவிப் போர்ட் 2 மி.மீ., பாலம் 2, எக்ஸாஸ்ட் 4, மறுபடி 2, 2. மொத்தம் 12. வால்வு நீளம் 13, உள்குழி 8. ஆக லேப் (நடுநிலையில் வால்வு போர்ட்டுக்கு வெளியே நீளும் அளவு) பக்கத்துக்கு அரை மி.மீ. வால்வு ஓட்டம் 5, வால்வை நகர்த்தும் எக்சென்ட்ரிக்கின் (மையம் விலகிய வட்டு) விலகல் 2.5. எக்சென்ட்ரிக் கிராங்குக்கு 102 பாகை முன்னால் நிற்க வேண்டும். 90-ல் விட்டாலும் ஓடும், ஆனால் போர்ட் தாமதமாகத் திறந்து, ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு சோம்பல் தெரியும்.

வால்வு முகம் சமதளமாக இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண். தடித்த கண்ணாடி மேல் 600 நம்பர் எமரி, ஒரு சொட்டு எண்ணெய், எட்டுப் போடுவதுபோல் தேய்ப்பு. மார்க்கிங் ப்ளூ முகம் முழுக்க ஒரே சீராகப் படியும்வரை விடக் கூடாது. ஓரத்தில் மட்டும் நீலம் ஒட்டினால் நடுவில் குழி என்று பொருள். மர்ரே இந்த முகங்களைச் சீவவே ஒரு பிளேனிங் இயந்திரம் செய்து, பூட்டிய சிறு அறையில் வைத்திருந்தார்; குறிப்பிட்ட சில தொழிலாளிகளுக்கு மட்டும் அனுமதி. அவருக்கு அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது. போட்டி நீராவி எஞ்சின் நிறுவனமான போல்டன்-வாட்டின் வில்லியம் மர்டாக் 1799-ல் லீட்ஸ் வந்தபோது மர்ரே பட்டறை முழுவதையும் திறந்து காட்டினார். பதிலுக்கு மர்ரே அந்த நிறுவனத்தின் சோஹோ பட்டறைக்குப் போனபோது உள்ளே விடவில்லை. அதோடு நிற்காமல், ஜேம்ஸ் வாட்டின் மகன் மர்ரேயின் பட்டறைக்குப் பக்கத்து நிலத்தை வாங்கிப்போட்டு, அது விரிவடைய முடியாமல் செய்தார். 1801-ல் மர்ரே எடுத்த காப்புரிமையும் எதிர்ப்புக்கு ஆளாகி ரத்தானது. பல திருத்தங்களை ஒரே காப்புரிமையில் அடைத்ததுதான் அதில் ஓட்டை.

கிராங்கும் கியரும்

இரண்டு கிராங்க் அச்சுகளிலும் ஆளுக்கொரு 20 பல் பினியன் (சிறு பல்சக்கரம்). நடுவில் 40 பல் கியர். எல்லாம் மாட்யூல் 1.5, மைய இடைவெளி 45 மி.மீ. நடு அச்சின் இடது முனையில் பெரிய பல்சக்கரம். கீழே நிற்கும் நான்கு சக்கரங்களும் எடையைத் தாங்க மட்டும்தான், அவற்றுக்கு விசை போகாது.

பினியனுக்கு 20 பல் என்பது யோசித்து வைத்தது. ஒரு பல் 18 பாகை, ஐந்து பல் 90 பாகை. முன் கிராங்கை மேல் நிலையில் வைத்து, பின் பினியனைக் கழற்றி ஐந்து பல் தள்ளிக் கோத்தால் வேலை முடிந்தது. 18 பல் பினியன் என்றால் ஒரு பல் 20 பாகை. பல் மாற்றி 90 வராது, கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தித் தளர்த்திக் கண்ணளவில் சரிசெய்துகொண்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு பிஸ்டன் ராடின் தலையிலும் குறுக்கே ஒரு கிராஸ்ஹெட், அதன் இரு முனைகளிலிருந்தும் பாய்லரின் இருபுறமும் இறங்கும் கனெக்டிங் ராடுகள். ஜோடி ராடுகள் ஒரே நீளமாக இல்லாவிட்டால் கிராஸ்ஹெட் சாயும், ராடு கிளாண்டில் (சிலிண்டர் மூடியில் கசிவை அடைக்கும் இடம்) இறுகும். இரண்டையும் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு ஒரே துளையாக டிரில், ரீமர். துளை மையம் 150 மி.மீ., வித்தியாசம் 0.05-க்குள். இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்க, கிளாண்ட் பேக்கிங் போடுமுன் கையால் அச்சைச் சுற்றவும். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் கனத்தால் கிராங்க் இணையாக இல்லை; மேலும் கீழும் இரண்டு இடங்களில் கனத்தால் ராடு நீளத்தைச் சந்தேகிக்கவும்.

பாய்லர்

பாய்லர் வெறும் கூடு. அசலில் அது முட்டை வடிவ வெட்டுமுகம் கொண்ட வார்ப்பிரும்பு. உருண்டையல்லாத கூட்டை உள்ளழுத்தம் உருண்டையாக்கப் பார்க்கும், அந்த வளைவில் வார்ப்பிரும்பு விரிசல் விடும். சலமாங்காவின் பாய்லரே 1818-ல் வெடித்தது. ஓட்டுநர் சேஃப்டி வால்வில் கை வைத்ததாக ஜார்ஜ் ஸ்டீபன்சன் பின்னாளில் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். எனவே மாடல் ஓட்டம் கம்ப்ரெசர் காற்றில், 2 பாருக்கு மேல் இல்லை. கூடு 1 மி.மீ. பித்தளைத் தகடு.

இழுவையும் எடையும்

வழுக்கும் சக்கரத்தை நம்பாததால்தான் அந்தக் காலத்தில் பல் வைத்தார்கள் என்று பழைய பாடப் புத்தகங்கள் கேலியாக எழுதும். அது அநியாயம். கனமான எஞ்சினை அன்றைய வார்ப்பிரும்புத் தண்டவாளம் தாங்காது. எஞ்சின் லேசாகவும் இருக்க வேண்டும், இழுக்கவும் வேண்டும்.

மாடலில் கணக்குப் போட்டால் தெளிவாகிறது. 2 பாரில் ஒரு பிஸ்டன் மேல் 40 நியூட்டன். கிராங்கின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் 125.7 மி.மீ. நகரும். இரண்டு சிலிண்டரும் சேர்ந்து, உராய்வைக் கழிக்காமல், 51 நியூட்டன் இழுவை. அசலின் 5 டன்னை 1728-ஆல் (12×12×12) வகுத்தால் மாடலின் எடை 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 3 கிலோ எஞ்சின், பல் இல்லாமல், உராய்வுக் குணகம் 0.2 என்றால் இழுப்பது 6 நியூட்டன்தான்.

ஆனால் பல் வைத்துவிட்டால் எடையே வேண்டாம் என்பதும் தப்பு. மாட்யூல் ரேக்கின் அழுத்தக் கோணம் (பல் பல்லைத் தள்ளும் திசையின் சாய்வு) 20 பாகை. 51 நியூட்டன் இழுக்கும்போது பல்சக்கரம் 18.6 நியூட்டன் விசையோடு மேலே தள்ளப்படும், அதுவும் இடப்பக்கம் மட்டும். மையத்திலிருந்து 61 மி.மீ. தள்ளி நடக்கும் இந்தத் தூக்கலை அமுக்க, மொத்த எடை குறைந்தது 4 கிலோ வேண்டும். 3 கிலோவில் விட்டால் சுமார் ஒன்றரை பாரிலேயே இடது சக்கரங்கள் எழும்பி, பல் மேல் பல் ஏறி ‘டக் டக்’ என்று குதிக்கும். சத்தம் கேட்டதும் ரேக் இணைப்பைக் குறை சொல்லத் தோன்றும். இணைப்புக் கோளாறு என்றால் குதிப்பு ஒரே இடத்தில் வரும். எடைக் குறைவு என்றால் சுமை கூடும்போது எங்கு வேண்டுமானாலும் வரும். பாய்லர் கூட்டுக்குள் ஈயக்கட்டி வைத்து, மொத்தம் 5 கிலோவுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. ஈயத்தை இடப்பக்கம் சாய்த்து வைப்பது இன்னும் சிக்கனம்.

ஒருபக்க ரேக்கின் இன்னொரு தொல்லை முறுக்கு. 30 நியூட்டன் சுமையில், 170 மி.மீ. சக்கர இடைவெளியில், விளிம்புகள் தண்டவாளத்தை 11 நியூட்டன் அளவுக்கு நெருக்கும். விளிம்பின் வேரில் 1.5 மி.மீ. ஆரம் விட்டு, தண்டவாளத்தின் உள்முனையை ராவி, லேசாகக் கிரீஸ் தடவினால் கீச்சென்ற சத்தம் அடங்கும். பக்க விளையாட்டு அச்சுக்கு 0.5 மி.மீ. போதும், அதற்கு மேல் விட்டால் எஞ்சின் கோணலாகவே நகரும்.

மீதி வேலை

நேர்ப்பாதை முடிந்தது. வளைவுக்கு 3 மீட்டர் ஆரம் வைத்தால், சக்கர இடைவெளியின் நடுப்புள்ளி 1.2 மி.மீ. விலகும். பல்சக்கரம் 10 மி.மீ. அகலம், ரேக் 6, ஆகவே இரு பக்கமும் 2 மி.மீ. மிச்சம் இருக்கிறது. ரேக்கை வளைக்கும்போது பல் இடைவெளியை ரேக்கின் நடுக்கோட்டிலேயே அளக்க வேண்டும், தண்டவாளத்தில் அல்ல. லேசர் தகட்டை நிமிர்த்திப் பிடித்து உருளையில் வளைத்தால் பல் அடியில் மடியும்; மூன்று பல்லுக்கு ஒரு வெட்டு என்று 4 மி.மீ. ஆழத்துக்குப் பின்முகத்தில் அறுத்துவிட்டு வளைப்பதே மேல்.