பெங்களூரில் வீடு பார்க்கும்போதே அடுத்த வேலையையும் கணக்கில் வையுங்கள்

சேலம், மதுரை, கோவை, நெல்லை என்று எங்கிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தாலும் முதல் வாரத்தில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். அலுவலகம் எங்கே என்று பார்த்து, அதைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் வீடு தேடுவார்கள். ஒரே கம்பெனியில் பத்து வருடம் இருக்க முடிந்த காலத்தில் அது நல்ல வழி. இன்று புராஜெக்ட் முடிந்தால் பெஞ்ச் (அடுத்த வேலை ஒதுக்கும்வரை சும்மா காத்திருப்பது), பெஞ்ச் நீண்டால் ஆட்குறைப்பு, அதற்குப் பயந்து நாமே முன்கூட்டி பேப்பர் போடுவது (ராஜினாமா செய்வது) என்று இரண்டு மூன்று வருடத்தில் அலுவலகம் மாறிவிடுகிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்த வேலை ஒயிட்ஃபீல்டுக்கோ மான்யதா டெக் பார்க்குக்கோ போய்விட, வீடும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. தினம் மூன்று மணி நேரம் சாலையில் போவது இப்படித்தான் தொடங்குகிறது. வேலையில் சேர்வதற்கு முன் போடும் இரண்டு கையெழுத்துகள்தான் இந்த ஊரில் உங்கள் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தில் ஒன்று, ஆஃபர் லெட்டரில் ஒன்று.

வீட்டை முதலில் பார்ப்போம். அலுவலகத்துக்குப் பக்கத்தில் தேடாமல் மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் தேடுங்கள். ஊதா வழித்தடம் 2023 அக்டோபர் முதல் ஒயிட்ஃபீல்டிலிருந்து செல்லகட்டா வரை முழுதாக ஓடுகிறது. இந்திராநகர், அல்சூர், எம்.ஜி. ரோடு, மெஜஸ்டிக் எல்லாம் அதில் வரும். ஆர்.வி. ரோட்டிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா போகும் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது. பச்சையும் ஊதாவும் மெஜஸ்டிக்கில் சந்திக்கின்றன, பச்சையும் மஞ்சளும் ஆர்.வி. ரோட்டில். ஆகவே பச்சை வழித்தடத்தில் வரும் ஜெயநகர், பனசங்கரி பக்கம் இருப்பவருக்கு எலக்ட்ரானிக் சிட்டி ஒரே மாற்றம், ஒயிட்ஃபீல்டும் ஒரே மாற்றம். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் அல்சூர், மர்ஃபி டவுன் பகுதியிலிருந்து ஒயிட்ஃபீல்டு நேரடி, எலக்ட்ரானிக் சிட்டிக்கு இரண்டு மாற்றம். பெல்லந்தூர், மாரத்தஹள்ளி, காடுபீசனஹள்ளி இருக்கும் அவுட்டர் ரிங் ரோட்டில் மெட்ரோ பாதை வேலைதான் நடக்கிறது. அங்கே வீடு எடுப்பவர் வேலை மாறினால் மறுபடி சாலையைத்தான் நம்ப வேண்டும். மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிந்திய ஷிஃப்ட்காரருக்கு அது காலையில் மட்டும்தான் உதவும்.

வேலைக்கு வேலை வீடு மாறினால் என்ன செலவாகும்? மாத வாடகை 30,000 என்று வைப்போம். அட்வான்ஸ் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை. இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்குப் பேசி முடிக்கலாம். ஐந்து மாதம் என்றால் ஒன்றரை லட்சம். காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், அது 30,000. புது வீட்டுக்குப் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, இன்னொரு 30,000. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கட்டும் அரை மாத வாடகை 15,000. லாரிக்கூலி தனி. ஆக எண்பதாயிரம் வரை திரும்பி வராது. இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பழைய அட்வான்ஸ் கைக்கு வருமுன் புது அட்வான்ஸ் கட்டியாக வேண்டும். வேலை போய் வீடு மாறுபவருக்கு இரண்டு ஒன்றரை லட்சங்கள் ஒரே நேரத்தில் முடங்கிக் கிடக்கும்.

ஒப்பந்தத்தில் வாடகைத் தொகையைவிட லாக்-இன் (இத்தனை மாதத்துக்கு முன் காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை) என்ற வரியைக் கவனியுங்கள். 11 மாத ஒப்பந்தத்தில் 11 மாதமும் லாக்-இன் என்று இருந்தால், நடுவில் வேலை போய்க் காலி செய்தாலும் மீதி வாடகையை வீட்டுக்காரர் அட்வான்ஸிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதை மூன்று மாதமாகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். காலி செய்ய ஒரு மாத அறிவிப்பு, பெயிண்டிங்குக்கு உச்சவரம்பு, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். தண்ணீரையும் கேட்டுவிடுங்கள்: காவிரிக் குழாயா, போர்வெல்லா, லாரியா? 2024 கோடையில் போர்வெல்லை நம்பிய பகுதிகள்தான் அதிகம் தவித்தன. அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காகத் தொடங்கப்பட்டது. ஆனாலும் தெருவில் குழாய் இருப்பது வேறு, அந்தக் கட்டடம் இணைப்பு வாங்கியிருப்பது வேறு. லாரிக்காகக் காத்திருக்கும் காலை நேரமும் உங்கள் நேரம்தான்.

அடுத்து ஆஃபர் லெட்டர். வருடத்துக்கு 12 லட்சம் என்றதும் மாதம் ஒரு லட்சம் என்று நினைத்து வீடு பார்க்கிறவர்கள் உண்டு. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 6 லட்சம் என்றால் கம்பெனி கட்டும் 12 சதவீத பிஎஃப் 72,000. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், 28,860. வேரியபிள் 10 சதவீதம் என்றால் 1,20,000. இவை போக மாதம் 81,595. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 6,000, கர்நாடகத் தொழில்வரி 200. வருமானவரி எதுவும் இல்லாவிட்டாலும் கைக்கு வருவது 75,395. வேரியபிள் கம்பெனியின் லாபத்தைப் பொறுத்தது. சந்தை தளரும் வருடத்தில் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. வாடகையையும் தவணையையும் இந்தக் கடைசித் தொகையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சம்பளத்துக்குச் சமமாகக் கேட்க வேண்டிய கேள்வி, கிளையன்ட் எந்த ஊரில் இருக்கிறார் என்பது. நேர்முகத் தேர்வில் ‘ஜெனரல் ஷிஃப்ட்தான், எப்போதாவது கால் (தொலைபேசிக் கூட்டம்) இருக்கும்’ என்பார்கள். கணக்கு இப்படி வரும். லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயார்க்கில் காலை 9 என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. கலிஃபோர்னியாவில் காலை 9 என்றால் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். மறுநாளிலிருந்து மார்ச் வரை உங்கள் கால் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். எட்டு மணிக்குள் முடிந்துகொண்டிருந்த கூட்டம் பிள்ளை தூங்கும் நேரத்தில் வந்து உட்காரும். நியூயார்க் அணியோடு வேலை என்றால் வாரத்தில் எத்தனை கூட்டம், அதில் உங்கள் பெயர் கட்டாயமா, இரவுக் கூட்டத்துக்கு அடுத்த நாள் தாமதமாக வரலாமா என்று மேலாளரிடமே கேட்டு மின்னஞ்சலில் பதிலை வாங்குங்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு லண்டன் கிளையன்ட் உள்ள வேலை, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் மேல் என்பது எங்கள் கருத்து. காலை உங்களுடையதாக இருக்கும், இரவுச் சாப்பாடும் வீட்டில்தான்.

வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்பதும் கடிதத்தில் இருக்கட்டும். ‘இரண்டு நாள் போதும்’ என்று வாயால் சொன்னது மேலாளர் மாறியதும் செல்லாது.

சட்டப்படி பார்த்தால் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனச் சட்டம், 1961, நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. 2024இல் ஐடி துறைக்கு நாள் வேலையை 14 மணி நேரம் வரை நீட்டும் யோசனை வந்தபோது கர்நாடக ஐடி ஊழியர் சங்கமான கிட்டு கடுமையாக எதிர்த்தது. வரம்பு இருக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் பேச முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். இரவு ஷிஃப்டில் வரும் பெண்களுக்கு வண்டி ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் கடமை. ஆனால் அந்த வண்டி நான்கு வீடு சுற்றி வரும். அந்த நேரத்தையும் வேலை நேரத்தோடு கூட்டிப் பாருங்கள்.

நோட்டீஸ் காலம் 90 நாள் என்று பல கடிதங்களில் இருக்கிறது. ஆள் தேடும் கம்பெனிக்கோ உடனே வருபவர் வேண்டும். நீங்கள் விலக 90 நாள், அவர்கள் விலக்க 30 நாள் என்று வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள். மீதி நாளுக்குப் பணம் கட்டி விலகலாமா, அதற்கு யார் சம்மதம் வேண்டும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அதுதான் இனிஷியல். ஆதாரில் கார்த்திக் எஸ், பான் அட்டையில் கார்த்திக் செல்வராஜ், பாஸ்போர்ட்டில் செல்வராஜ் குடும்பப் பெயர், பழைய கம்பெனியின் பிஎஃப் பதிவில் எஸ். கார்த்திக். பான் அட்டை இனிஷியலை ஏற்காது, விரித்துத்தான் எழுத வேண்டும். பிஎஃப் பதிவோ ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். வேலை மாறி பிஎஃப் மாற்றும்போதும், வேலை போய்ப் பணம் தேவைப்படும்போதும்தான் இது முட்டும். அப்போது பழைய கம்பெனியின் மனிதவளத் துறையைத் துரத்த வேண்டி வரலாம். வேலையில் இருக்கும்போதே எல்லாவற்றிலும் விரித்த பெயராக ஒன்றாக்கிவிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால் முதல் முறையே சரியாகச் செய்யுங்கள்.

வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுபவர்கள் அதிகம். ஐந்து வருடத் தொடர் பணி முடியாமல் எடுத்தால் வரி உண்டு, கூடவே ஓய்வூதியப் பணத்தையும் எடுத்தால் ஓய்வூதியத்துக்கான பத்து வருடக் கணக்கும் அறுந்துபோகும். மாற்றிக்கொண்டே வந்தால் சின்னச் சின்ன வேலைகளும் ஒரே கணக்கில் சேரும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டால் கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் போடலாம். இரண்டு கம்பெனித் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் புது இடத்தில் கேள்வி வரும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதும் அங்கேதான் முதலில் தெரியும்.

நடு வருடத்தில் மாறினால் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பள விவரத்தைப் புதுக் கம்பெனியிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே 7 லட்சம், இங்கே 7 லட்சம் என்றால் இருவருமே புதிய வரிமுறையில் வரியே பிடிக்காமல் விடக்கூடும். கூட்டினால் 14 லட்சம். கணக்குத் தாக்கல் செய்யும் நாளில் மொத்த வரியும் வட்டியோடு வந்து நிற்கும்.

கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுவிடும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு எடுத்ததும் சேர்த்து. புதிதாகத் தனிப்பட்ட பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம். அதனால் வேலை நன்றாக இருக்கும் வருடத்திலேயே தனிப் பாலிசியைத் தொடங்கிவிட வேண்டும். விலகும் நிலை வந்துவிட்டால், கடைசி நாளுக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் குழுப் பாலிசியைத் தனிப் பாலிசியாக மாற்றக் கேளுங்கள்.

ஆட்குறைப்புக் கூட்டம் பெரும்பாலும் பதினைந்து நிமிடம்தான். ‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பதிவு சுத்தமாக இருக்கும்’ என்பார்கள். அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று கேட்பது முறைதான். ராஜினாமா என்று ஆகிவிட்டால் ஆட்குறைப்புக்கு உரிய இழப்பீட்டைக் கேட்கும் வழி அடைபடும். தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்பது சட்டம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு ஒப்பந்தத்தில் உள்ளதுதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவருக்கான ஊதியத்தை இரண்டு வேலை நாளில் கொடுக்கச் சொல்கிறது. தகராறு என்றால் பன்னேர்கட்டா சாலையில் கார்மிக பவனில் தொழிலாளர் துறை இருக்கிறது. கூட்டம் முடியுமுன்பே மடிக்கணினி பூட்டப்பட்டுவிடும். சம்பளச் சீட்டு, ஆஃபர் லெட்டர், உயர்வுக் கடிதம், டிடிஎஸ் சான்றிதழ் எல்லாவற்றையும் மாதாமாதம் சொந்த மின்னஞ்சலில் சேர்த்து வைப்பவருக்கு அன்று ஒரு கவலை குறைவு. கம்பெனியின் வேலைக் கோப்புகளை மட்டும் தொடாதீர்கள். ஆறு மாத வாடகை, தவணை, பள்ளிக்கட்டணம் தனியாக ஒரு கணக்கில் இருக்கட்டும், அட்வான்ஸை அந்தக் கணக்கில் சேர்க்காமல்.

பள்ளியைப் பொறுத்தவரை 2015 சட்டப்படி கன்னடம் மொழிப்பாடமாக இருக்கும். சின்ன வயதில் சேரும் பிள்ளைக்கு அது சுமையில்லை. பெரியவர்களும் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரிடம் லாக்-இன் பேசவே அது உதவும். தமிழுக்கு வீட்டில்தான் நேரம் ஒதுக்க வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன.

ஊருக்குப் போவதற்கு விடுப்பும் டிக்கெட்டும் ஒரே நாளில் முடிவாக வேண்டும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. ஜனவரி 13 இரவு ரயில் என்றால் நவம்பர் 14 காலை 8 மணி. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒரு நாள்தான் விடுமுறை, மாட்டுப்பொங்கலுக்கும் காணும் பொங்கலுக்கும் சொந்த விடுப்பு போக வேண்டும். ஆகவே நவம்பர் முதல் வாரத்திலேயே விடுப்பைப் பதிந்துவிடுங்கள். தட்கல் முந்தைய நாள், ஏசிக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் இணையத்தில் கிடைக்காது. எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ரயில் ஏற மெஜஸ்டிக் வரை எதிர்த்திசையில் போய் அவதிப்பட வேண்டியதில்லை. நாகர்கோவில், தூத்துக்குடி, மயிலாடுதுறை ரயில்கள் ஓசூர் வழியாகத்தான் போகின்றன. மஞ்சள் மெட்ரோவில் பொம்மசந்திரா இறங்கி, அங்கிருந்து அத்திப்பள்ளி வழியாக ஓசூருக்குப் பேருந்து பிடிக்கலாம். டிக்கெட் எடுக்கும்போதே ஏறும் நிலையத்தை ஓசூர் என்று குறித்துவிடுங்கள்.