வயிறும் மார்பும் ஒரே நாளில்

அக்காவுக்குத் தொங்கிய வயிற்றுத் தோலை அகற்றி, பிரசவத்தில் விலகிய தசையைச் சேர்த்துத் தைத்து, தளர்ந்த மார்பையும் அறுவை சிகிச்சையில் தூக்கி அமைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே மயக்கத்தில். "அழகுக்கா இவ்வளவு?" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள் உடம்பு, அவள் முடிவு.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் எழுவதுதான் பெரும்பாடு. கையை ஊன்றினால் மார்பு வலிக்கும், வயிற்றை இறுக்கினால் தையல் இழுக்கும். அதனால் முதுகுக்கும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை வைத்துச் சாய்ந்த படுக்கை, தோளுக்குப் பின்னால் என் கை. தையலுக்குள் கசியும் நீரை வெளியே எடுக்கக் குழாய் (டிரெய்ன்) வைத்திருக்கிறார்கள்; அதன் குப்பியில் சேரும் நீரைக் காலையும் மாலையும் அளந்து எழுதுகிறேன். சிவப்பு வெளுத்து மஞ்சளாகிறது, நல்ல அறிகுறி.

குனிந்தபடியாவது வீட்டுக்குள் நடக்க வைக்கிறோம், காலில் ரத்தம் உறையக் கூடாதே. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அப்புறம், புகைப்பவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் புண் சரியாக ஆறாமல் போகலாம்.