சார்காய்டு: மூன்று கட்டிக்கு மூன்று முடிவு

குதிரைக்கு சார்காய்டு என்ற தோல் கட்டி வந்தால் முதல் தடவை செய்கிற வைத்தியம்தான் முக்கியம். அது பிசகினால் கட்டி முன்னைவிட வேகமாக, முரட்டுத்தனமாகத் திரும்பி வரும். அடுத்த வைத்தியம் பலிக்கும் வாய்ப்பும் குறைந்துவிடும். நாங்கள் இதைத் தெரிந்துகொண்டது அந்த முதல் தடவையைப் பாழாக்கிய பிறகுதான்.

இடம் இங்கிலாந்து. 7 வயதுக் காயடித்த குதிரை. வயிற்றுவார் ஓடும் இடத்தில் ஒரு கட்டி, பின்தொடை இடுக்கில் ஒன்று, இடது கண்ணின் மேலிமையில் ஒன்று. 11 மாதத்தில் இரண்டு போயின, ஒன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாடுகளின் பாப்பிலோமா வைரஸோடு தொடர்புள்ள கட்டி, உள்ளுறுப்புகளுக்குப் போவது அரிது, ஆனால் இருக்கிற இடத்தில் ஆழமாக ஊடுருவும் என்பதெல்லாம் குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததே. எங்கெங்கே தவறினோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் 7 வாரம் படர்தாமரைக்குப் போனது. தட்டையான சார்காய்டும் படர்தாமரையும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்: முடி கொட்டிய வட்டம், சாம்பல் நிறச் செதில், லேசான தடிப்பு. பூஞ்சை மருந்து கலந்த தண்ணீரால் 4 நாளுக்கு ஒரு தடவை தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். தேய்த்தோம். சார்காய்டுக்கு உரசலும் காயமும்தான் ஆகாது. வார் அழுத்துகிற இடத்தில் இருந்த வட்டம் அந்த 7 வாரத்தில் மருபோலத் தடித்து, நடுவில் ஒரு முடிச்சும் விட்டது. படர்தாமரை என்றால் வட்டங்கள் சில வாரத்தில் பெருகும், பக்கத்துக் குதிரைக்கும் தொற்றும், 2 அல்லது 3 மாதத்தில் தானாகவே முடி முளைக்கும். ஒரே வட்டம், ஒரே இடம், மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும். வட்டத்தின் ஓரத்திலிருந்து முடியைப் பிடுங்கிப் பூஞ்சை வளர்ப்புக்கு அனுப்பியிருக்கலாம். முடிவு வர 2, 3 வாரம் ஆகும். ஆனால் அதுவரை தேய்க்காமலாவது இருந்திருப்போம்.

வேறு எதுவோ என்ற சந்தேகமும் நியாயமானதுதான். வெள்ளைக் குதிரையின் வாலடியில் கறுப்பாக, உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் மெலனோமா என்ற நிறமிக் கட்டி. இளஞ்சிவப்புத் தோல் உள்ள இமையிலோ ஆண்குறியிலோ ஆறாத புண் இருந்தால் செதிள்செல் புற்றாக இருக்கலாம், அதற்குக் காத்திருக்கக் கூடாது. குட்டியின் மூக்கைச் சுற்றி வரும் சிறு மருக்கள் சில மாதத்தில் தாமே உதிரும். காலில் காயம் ஆறாமல் சதை பிதுங்கினால் அது வெறும் மிகைச்சதையா, காயத்துக்குள் குடியேறிய சார்காய்டா என்று கண்ணால் சொல்ல முடியாது.

அப்படியானால் பயாப்ஸி எடுத்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். கட்டியின் ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்தால், அமைதியாக இருந்தது சீறிக்கொண்டு வளரக்கூடும். முடிவு வந்ததும் சில நாளிலேயே வைத்தியத்தைத் தொடங்கத் தயாராக இருந்தால் மட்டும் பயாப்ஸி எடுக்கலாம். இல்லையென்றால் முழுக்கட்டியையும் எடுத்து, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவதே நல்லது. எங்கள் டாக்டர் இந்த ஒரு விஷயத்தில் முதலிலிருந்தே உறுதியாக நின்றார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த தவறு முழுக்க முழுக்க எங்களுடையது. லாயத்தில் அனுபவசாலி ஒருவர், ரப்பர் வளையம் போட்டால் கட்டி செத்து விழுந்துவிடும் என்றார். வார் இடத்துக் கட்டிக்குப் போட்டோம். 9 நாளில் விழுந்தது. 3 வாரத்தில் அதே இடத்தில் தோலில்லாத சிவந்த சதை, காலிஃபிளவர்போல. தொட்டால் ரத்தம், வெயில் வந்தால் ஈ. வளையம் தோலுக்கு மேலே தெரிகிற பகுதியை மட்டும்தான் கொல்லும். அடிப்பகுதி தசையின்மேல் ஒட்டியிருந்தால் அது அப்படியே தங்கிவிடும், கூடவே ஒரு காயமும் கிடைக்கும். சோதித்துப் பார்ப்பது எளிது: கட்டியை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் தூக்குங்கள். அடியில் தோல் தாராளமாக நழுவி, ஒரு காம்புபோல மேலே வந்தால் மட்டுமே வளையம் என்ற பேச்சை எடுக்கலாம். அதையும் டாக்டர் பார்த்த பிறகே செய்ய வேண்டும். நாங்கள் தூக்கிப் பார்க்கவே இல்லை.

நிபுணரின் யோசனை கேட்டுப் படம் அனுப்புவது அடுத்த கட்டம். அனுப்பிய படங்கள் பயன்படாது என்று திரும்பி வந்தன. 12 நாள் வீண். அளவுகோல் இல்லை, மாலை வெளிச்சம், ஈரமான முடி, எந்தப் படம் எந்தக் கட்டி என்றே தெரியவில்லை. இரண்டாம் தடவை செய்தது இது: பகல் வெளிச்சத்தில் உலர்ந்த தோல், கட்டியை ஒட்டி மில்லிமீட்டர் ஸ்கேல், 1 மீட்டர் தள்ளி நின்று இடம் தெரிய ஒரு படம், கிட்டத்தில் ஒன்று, உயரம் தெரியப் பக்கவாட்டில் ஒன்று. குதிரையின் கோட்டுப்படத்தில் 1, 2, 3 என்று எண் போட்டு, படத்தின் பெயரிலும் அதே எண். இதுவரை தடவிய எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பற்பசை, தூயா களிம்பு, மஞ்சள், இணையத்தில் வாங்கிய பிளட்ரூட் களிம்பு, எதுவானாலும் சரி. ஏற்கெனவே சீண்டிய கட்டிக்கும் சீண்டாத கட்டிக்கும் கிடைக்கிற பதில் வேறு.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. பெரும்பாலான பாலிசிகளில் ஒரு நோய்க்கு 12 மாதம்தான் பணம் வரும். அந்த 12 மாதம் சார்காய்டு என்று பெயர் வைத்த நாளிலிருந்து ஓடுவதில்லை, முதல் அறிகுறியைக் கண்ட நாளிலிருந்து ஓடும். மருத்துவக் குறிப்பில் ‘முடி கொட்டிய வட்டம், படர்தாமரையாக இருக்கலாம்’ என்று எழுதிய தேதியிலேயே எங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. படர்தாமரைக்கும் ரப்பர் வளையத்துக்கும் போன 3 மாதம் அதில்தான் கழிந்தது. புதுப்பிக்கும்போது ‘சார்காய்டு, உடலின் எந்தப் பகுதியிலும்’ என்று விலக்குப் போடுவார்கள். ஆகவே ஒரு கட்டிக்கு மட்டும் கிளெய்ம் செய்துவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். எத்தனை கட்டி இருந்தாலும் முதல் படிவத்திலேயே எண் போட்டுக் காட்டுங்கள்.

கிளெய்ம் ஒரு தடவை திரும்பியும் வந்தது. பூசப்போகும் களிம்புக்கு லைசென்ஸ் இல்லை என்பது காரணம். படிவத்தைப் பார்த்தவரிடம் தொலைபேசியில் மூன்று தடவை விளக்கியும் ஏறவில்லை. லைசென்ஸ் பெற்ற மாற்று மருந்து இல்லாதபோது ‘கேஸ்கேட்’ விதிப்படி டாக்டர் தம் பொறுப்பில் இப்படி மருந்து எழுதலாம் என்று டாக்டரே நாலு வரிக் கடிதம் கொடுத்தார். இரண்டே நாளில் ஒப்புதல். அந்தக் கடிதத்தை முதலிலேயே இணைத்துவிடுங்கள். குதிரையின் பாஸ்போர்ட்டில் ‘மனித உணவுக்கு அல்ல’ என்ற பகுதியில் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். வலிக்குக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோனுக்கே அது வேண்டும்.

இனி கட்டிகள். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் என்று முடிவெடுக்கக் கூடாது. வகை, இடம், ஆழம் மூன்றையும் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

தொடை இடுக்கில் இருந்தது உருண்டை முடிச்சு, 2 செ.மீ., மேல்தோல் நன்றாக நழுவியது. லேசர். நின்ற நிலையிலேயே மயக்க ஊசி, கட்டிக்குள் குத்தாமல் வெளியே வளையமாக மரத்துப்போகும் ஊசி, சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து வெட்டு. தையல் இல்லை, திறந்த புண்ணாகவே ஆற விட்டார்கள், 7 வாரம் ஆனது. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

வார் இடத்தில் இருந்ததுதான் படுத்தியது. அதையும் அதே நாளில் லேசரில் எடுத்தார்கள். இரண்டும் ஃபார்மலின் பாட்டிலில் பரிசோதனைக்குப் போயின. தொடை இடுக்குக் கட்டியின் ஓரங்கள் சுத்தம். வார் இடத்துக் கட்டியில் ஓர் ஓரத்தில் கட்டித் திசு மிச்சம் இருக்கிறது என்று வந்தது. எந்த ஓரம்? துண்டில் நூல் கட்டியோ மை தடவியோ திசை குறிக்கவில்லை, அதனால் ஆய்வகத்தாலும் சொல்ல முடியவில்லை. தலைப்பக்க ஓரத்தில் ஒரு தையல் நூல் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் கவனித்திருக்கலாம். இந்த ஒன்றை அறுவைக்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். ஆய்வகக் கட்டணம் எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். எங்களுடையதில் இல்லை.

அதனால் புண் முழுவதற்கும் களிம்பு. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் டெரெக் நாட்டன்பெல்ட் உருவாக்கியது, ‘லிவர்பூல் கிரீம்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 5-ஃப்ளூரோயுராசிலும் கன உலோகங்களும் உள்ள, செல்லைக் கொல்லும் மருந்து. டாக்டர் கையுறை போட்டுப் பூச வேண்டும், நம் கையில் கொடுக்க மாட்டார்கள். சுமார் 10 நாளுக்குள் 4 தடவை பூசினார்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகு நெஞ்சடி முழுக்க வீங்கியது, குதிரை கிட்டவே விடவில்லை. இது எதிர்பார்க்க வேண்டியதுதான், ஆனால் யாரும் இவ்வளவு என்று சொல்லவில்லை. வலிமருந்தை முதல் பூச்சுக்கு முன்பே தொடங்கச் சொல்லுங்கள். கசிவு வடிந்து ஓடும் பாதையில் முன்கூட்டியே வாஸ்லின் தடித்துப் பூசுங்கள். நாங்கள் இரண்டாம் நாள்தான் பூசினோம், அதற்குள் முழங்கை வரை முடி வெந்து உதிர்ந்திருந்தது. பொருக்கு கறுத்துத் தோல்போல இறுகும், பார்க்க அசிங்கமாக இருக்கும். கழுவாதீர்கள், பிய்க்காதீர்கள், வேறு எதையும் தடவாதீர்கள். எங்களுக்கு 6 வாரத்தில் தானாக விழுந்தது. வாருக்கு அடியில் என்பதால் அதற்குப் பிறகும் 2 மாதம் சேணம் இல்லை. குதிரையை நடத்தி மட்டும் கூட்டிப்போனோம்.

மற்ற வழிகளை ஏன் விட்டோம்? சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தின் ஊசி நல்ல பலன் தரும், 2 வாரத்துக்கு ஒன்றாக 4 தடவை. ஆனால் போடுபவருக்கும் லாயத்தைச் சுத்தம் செய்பவருக்கும் ஆபத்தான மருந்து, அதற்கு ஏற்பாடுள்ள மருத்துவமனை வேண்டும். இமிகிமோட் களிம்பை வாரம் 3 தடவை, மாதக்கணக்கில் பூச வேண்டும். எரிச்சல் கண்ட பிறகு அத்தனை தடவை தொட விடுகிற குதிரை இது அல்ல. உறைய வைத்துக் கொல்லும் முறையில் ஒரே தடவை உறைய வைத்தால் போதாது, வேகமாக உறைந்து மெதுவாக உருக வேண்டும், அதையும் இரண்டு, மூன்று சுற்று செய்ய வேண்டும். எங்கள் கட்டி அதற்கு மீறிய ஆழம்.

கண்ணிமைக் கட்டியை ஒன்றும் செய்யவில்லை. யோசித்து எடுத்த முடிவு அது. 12 மி.மீ., தட்டை, தோல் உடையவில்லை. வெட்டினால் தழும்பு சுருங்கி இமை மூடாமல் போகலாம், பிறகு கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழியே புண்ணாகும். இந்தக் களிம்பைக் கண்ணுக்கு இவ்வளவு அருகில் வைக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பு மருந்து) ஊசி கண்ணைச் சுற்றி நன்றாக வேலை செய்கிறது, ஆனால் இரண்டாம், மூன்றாம் ஊசியில் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், அதனால் ஒவ்வொரு தடவையும் ஃப்ளூனிக்சின் என்ற வலி, வீக்க மருந்தும் ஸ்டீராய்டும் முன்கூட்டிக் கொடுப்பார்கள். அது தட்டைக் கட்டியைவிட முடிச்சுகளுக்கே ஏற்றது. கதிர்வீச்சுதான் இமைக்கு மிக நல்ல வழி என்று பல நிபுணர்கள் சொல்கிறார்கள். செலவும் தூரமும் அதிகம். தட்டையானது வளர்ந்தால் அதற்குத்தான் போவோம், நடுவில் வேறு எதையும் முயன்று பார்க்க மாட்டோம்.

‘சும்மா விடுவது’ என்றால் கவனிக்காமல் விடுவது அல்ல. எல்லையை எழுதி வைத்திருக்கிறோம்: 15 மி.மீ. தாண்டினால், தோல் உடைந்தால், அடியில் முடிச்சு தட்டுப்பட்டால் அன்றே தொலைபேசி. வைரஸைப் பரப்புவதில் ஈக்களுக்குப் பங்கு இருக்கலாம் என்பதால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஈ முகமூடி, உள்பக்கத் துணி இமையில் உரசாத வகையாகப் பார்த்து. உடலில் எங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் உடனே மூடுகிறோம். மாடு மேயும் வயலை ஒட்டிய பக்கத்தில் கட்டுவதில்லை. கண் துடைக்கும் பஞ்சு அந்தக் குதிரைக்கு மட்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஸ்கேல் வைத்துப் படம் எடுக்கிறோம், அதே ஜன்னல் பக்கத்தில், அதே தூரத்தில். அப்போதே காதுக்குள், வாயோரம், அக்குள், ஆண்குறி உறை, தொடை இடுக்கு என்று விரலால் தடவிப் பார்ப்பதும் நடக்கும். போன ஞாயிறு எடுத்ததில் இமை 12 மி.மீ. தான். வார் இடத்தில் வெள்ளை முடி முளைத்திருக்கிறது.