டைட்டானியம் பேனா: உடலைவிட நிப்பை முதலில் பாருங்கள்

'டைட்டானியம் பேனா' என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் மூன்று வகை. உடல் முழுக்க டைட்டானியத்தில் கடைந்து ஸ்டீல் நிப்பு போட்டது ஒன்று. உடல் எபோனைட்டோ (கடின ரப்பர்) அக்ரிலிக்கோ, நிப்பு மட்டும் டைட்டானியம் என்பது இன்னொன்று. மூன்றாவது, பித்தளை மேல் மெல்லிய பூச்சு. இதைச் சேகரிப்பில் சேர்க்க வேண்டியதில்லை. எழுதும் அனுபவத்தையே மாற்றுவது இரண்டாவது வகைதான்.

பூச்சா, முழு உலோகமா என்பதைக் காந்தம் சொல்லாது. பித்தளையையும் காந்தம் இழுக்காது. அடர்த்தியை அளந்துவிடுங்கள். கன்வர்ட்டரை (மை நிரப்பும் குழாய்) கழற்றிவிட்டுப் பேரலை, அதாவது பேனாவின் பின்பக்கக் குழலை, மட்டும் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். பேரலை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு இப்போது காட்டும் எண்தான் அதன் கனஅளவு. எடையை அதனால் வகுக்க வேண்டும். 18 கிராம் பேரலுக்கு 4 என்று வந்தால் அடர்த்தி 4.5, டைட்டானியம்தான். கிரேடு 5 கலவை என்றால் 4.43. பித்தளை 8.5 பக்கம் வரும், ஸ்டீல் 7.9, அலுமினியம் 2.7. பேரலுக்குள் காற்றுக்குமிழ் தங்கினால் கணக்கு தப்பும். திறந்த வாய் மேலே இருக்கும்படி இறக்கி, மெல்லத் தட்டிக் குமிழை வெளியேற்றுங்கள். மூடிக்கு இந்தச் சோதனை பயன்படாது. கிளிப்பும் உள்கூடும் வேறு பொருளில் இருக்கும்.

பழைய பேனாக்களில் எல்லாரும் தேடுவது பார்க்கர் டி-1. நிலவுப் பயணக் காலத்தில், 1970-71இல் மட்டும் வந்தது. நிப்பும் கழுத்தும் (விரல் பிடிக்கும் பகுதி) ஒரே டைட்டானியத் துண்டு. நிப்பின் அடியில் ஒரு பொடி ஸ்குரூ இருக்கும். அதைத் திருப்பி மை ஓட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நுனியின் கடின மணியை டைட்டானியத்தோடு பற்றவைப்பது சுலபமல்ல. டி-1இன் பெரிய பலவீனம் அங்கேதான். வாங்கும்போது பத்து மடங்கு லென்ஸில் பிளவின் இருபுறமும் மணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் உதிர்ந்திருந்தால் அது அலமாரிக்கான பேனா. நிப்பைத் தனியாக மாற்ற வழியே இல்லை, கழுத்தோடு சேர்ந்தது அல்லவா? ஸ்குரூவின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பலம்கொண்டு முறுக்கியிருக்கிறார்கள். விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள். 1978இல் வந்த பார்க்கர் 50 ஃபால்கனும் இதே பாணிதான், ஆனால் ஸ்டீலில்.

இன்றைய டைட்டானியம் நிப்புகளில் அதிகம் கண்ணில் படுவது ஜெர்மனியின் ஹைடல்பெர்கைச் சேர்ந்த போக் நிறுவனத்தின் தயாரிப்பு. 5, 6, 8 அளவுகளில் கிடைக்கும். பெல்ஜியத்தின் கோனிட் பல்க்ஃபில்லர் பேனாவிலும் இதைப் பார்க்கலாம். 6ஆம் அளவு என்பதால், ஜோவோ என்ற இன்னொரு நிறுவனத்தின் நிப்புக்கான பேனாவில் அப்படியே பொருந்தும் என்று நினைக்காதீர்கள். இரண்டின் மரையும் வேறு. பேனா எந்த நிறுவனத்தின் நிப்பு யூனிட்டுக்கு (நிப்பும் அதைத் தாங்கும் பகுதியும் சேர்ந்தது) மரை போட்டது என்று கேட்டபின் பணம் கொடுங்கள். போக் ஸ்டீல் யூனிட் ஏற்கெனவே இருந்தால் டைட்டானியம் நிப்பை மட்டும் மாற்றலாம். ரப்பர் துண்டால் நிப்பையும் நாக்கையும் (நிப்புக்கு அடியில் மை கொண்டுவரும் பகுதி) சேர்த்துப் பிடித்து நேராக இழுங்கள். முறுக்கினால் நாக்கின் துடுப்புகள் உடையும்.

இந்த நிப்பு ஏன் இப்படி எழுதுகிறது? டைட்டானியத்தின் விறைப்பு ஸ்டீலில் கிட்டத்தட்டப் பாதி. கொஞ்சம் அழுத்தினாலே பிளவின் இருபுறமும் உள்ள கிளைகள் விரிந்து, கோடு தடித்து, மை தாராளமாக இறங்கும். காகிதத்தில் பென்சில்போல ஒரு மெல்லிய உரசல் கைக்குத் தெரியும். அதைக் குறை என்று எண்ணித் தேய்க்க வேண்டாம். மென்மை வேறு, அழுத்தி விரித்துத் தடித்த கோடு போடும் ஃப்ளெக்ஸ் வேறு. இத்தாலியின் ஸ்டிபுலா நிறுவனத்தின் டி-ஃப்ளெக்ஸ் நிப்பைக்கூட, பெயரை நம்பி அழுத்திவிடாதீர்கள். எல்லை தாண்டி விரிந்த கிளை திரும்பி வராது.

சரிசெய்வதும் அதனால்தான் கடினம். லேசாக வளைத்தால் பழைய இடத்துக்கே துள்ளிவிடும். இன்னும் கொஞ்சம் என்று வளைத்தால் ஒரேயடியாகத் தாண்டிவிடும். மை அதிகமாக வந்தால் முதலில் குறைவாக இறங்கும் 'வறண்ட' மை ஒன்றுக்கு மாறிப் பாருங்கள். மை வரவே இல்லை என்றால் 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டைப் பிளவில் நான்கைந்து முறை ஓட்டினால் போதும். எழுதும்போது நிப்பு காகிதத்தைக் கீறினால் முதலில் கிளைகளின் உயரத்தைச் சமன்செய்யுங்கள். அதன்பிறகும் கீறினால் மட்டும் 1 மைக்ரான் மெருகு ஃபிலிமில் '8' வடிவம் போட்டுப் பத்துத் தடவை, அழுத்தாமல்.

உடலில் வரும் தொல்லை மரையில். டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். மூடி திருகும்போது கிரீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள். மரையைத் துடைத்து, கடுகில் பாதி சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். வாஸலின் வேண்டாம், ரப்பர் வளையம் உப்பும்.

நீலம், ஊதா என்று மினுக்கும் உடல்களில் சாயம் எதுவும் இல்லை. மின்சாரத்தால் வளர்த்த ஆக்சைடு படலத்தின் தடிமன்தான் நிறமாகத் தெரிகிறது. 30 வோல்ட்டை ஒட்டி நீலம் வரும், 100ஐ நெருங்கும்போது பச்சை. கீறினால் அந்த இடம் சாம்பல் ஆகிவிடும், பாலிஷ் போட்டால் நிறமே போய்விடும். அதனால் நிறமேற்றிய பேனாவைத் தனி உறையில் வையுங்கள். துடைக்க ஈரத்துணி போதும்.